கயிற்றில் ஒரு சுண்டு

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் குண்டு பாய்ந்து வரும் விசில் சத்தம். பிறகு வெடி. மலை குலுங்குகிறது. "ஏலே, படு! படு!" என்று பின்னாலிருந்து சமையல்காரர் மீரான் காக்கா கத்துகிறார்.

முழங்கால் வரை பனி. ஆறு பேர். எல்லோரும் கப்பல்காரர்கள். துறைமுகத்தில் கட்டியிருந்த எங்கள் கப்பல் போரில் குண்டு விழுந்து எரிந்தது. எல்லைக்கு மலைப்பாதை ஒன்றுதான் மிச்சம். இரண்டு மணி நேர நடை என்றான் கப்பல் கம்பெனி ஏஜென்ட். மலை அழகாக இருக்கும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னான். இது இரண்டாம் நாள். பனி வெள்ளையாக இல்லை. கரி, மூத்திரம், முன்னால் போனவர்களின் வாந்தி. தாகத்துக்கு அதைத்தான் அள்ளித் தின்றோம்.

எனக்கு அடுத்து மாப்பிள்ளை அந்தோணி. தங்கை புருஷன். இருவர் இடுப்பிலும் ஒரே கயிறு. தூத்துக்குடியில் சங்கு குளிக்கும்போதும் அப்படித்தான். குளிப்பவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் அண்ணன் தம்பிதான் பிடிப்பான். உடன்பிறந்தவள் தாலியறுக்க அவன் விடமாட்டான் என்று நம்பிக்கை. கீழேயிருந்து ஒரு சுண்டு வந்தால் மூச்சு முடிந்தது என்று அர்த்தம். யோசிக்கக் கூடாது. இழுக்க வேண்டும். பதினான்கு வருடம் அவனை அப்படி இழுத்திருக்கிறேன். கூட்டிக்கொண்டு வந்து சேர்ப்பேன் என்று தங்கையிடம் சொல்லித்தான் கப்பலேறினேன்.

இரண்டாவது வெடி. மிக அருகில். காது அடைத்துப்போனது. திரும்பினேன். ஒரே பனிப்புகை. அவன் தெரியவில்லை. கயிற்றில் ஒரு சுண்டு.

இழுத்தேன். முழு பலத்தோடு இழுத்தேன்.

அவன் சரிவில் பாறை இடுக்கில் காலை ஊன்றிப் படுத்திருக்கிறான். என்னையும் படுக்கச் சொல்லித்தான் சுண்டியிருக்கிறான். "இழுக்காதிய மச்சான், படுங்க" என்று கத்தினானாம். மீரான் காக்கா பிறகு சொன்னார். என் இழுப்பில் அவன் கால் பெயர்ந்தது. பனி மொத்தமாகச் சரிந்து அவனையும் கொண்டுபோனது. முடிச்சு அவிழ்ந்து வெறுங்கயிறு என் கைக்கு வந்தது. மேலே மூன்றாவது விசில். மற்றவர்கள் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

ஊரில் மாலை போட வந்தார்கள். பனி பார்க்க எப்படி இருந்தது என்று ஒருவர் ஆசையாகக் கேட்டார். எழுந்து போனேன். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற பக்கம் இப்போது போவதில்லை. போனால் வாந்தி வருகிறது. அதைவிட அருவருப்பு என் வாய்மீது. குண்டு விழுந்து செத்தான் என்று தங்கையிடம் சொன்ன வாய். அவள் நம்பினாள். எனக்குச் சோறு போட்டாள். தின்றேன்.

குண்டு அவனைக் கொல்லவில்லை. நான் இழுத்தேன். எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன். முதலில் அவள் படிக்கட்டும்.

போனவர்கள் ஆறு. வந்தவர்கள் ஐந்து. இழந்தவை: என் வலது காது. இடது காலில் நான்கு விரல். அந்தோணி, வயது நாற்பத்தொன்று. உடல் கிடைக்கவில்லை.