சரஸ்வதி ஏ/பி

பட்டர்வொர்த் ஃபெர்ரியில் எனக்கு முன்னால் ஓர் ஆணும் பெண்ணும், ஒரே தொழிற்சாலைச் சீருடையில்.

"சரசக்கா, நேத்து நீங்க செத்துட்டீங்க லா."

செத்தவர் வேர்க்கடலை மென்றுகொண்டிருந்தார். "எங்க தம்பி?"

"கேம்ல. கோட்டைய காப்பாத்துற சண்டை. என் குதிரை வீரருங்களுக்கு நம்ம லைன் ஆளுங்க பேருதான். உங்க பேர ஐசி அடையாள கார்டுல உள்ளபடியே அடிச்சேன், எடம் பத்தல. 'சரஸ்வதி ஏ/பி'யோட நின்னுடுச்சு."

"ஏ/பின்னா மகள். மகள்னு இருக்கு, யாரு மகள்னு இல்லயா? அப்படியேவா செத்தேன்?"

"ரெண்டாவது பாகம் வருதுக்கா. அதுலயாவது முழுப் பேருக்கு எடம் விடணும். அதான் என் ஆசை."

"எங்கப்பா பேரும் வருமா?"

"வரணும்."

அக்கா கடலைத் தோலை ஊதினார்.

"அப்ப ரெண்டு குதிரையா குடு. அவருக்கு முட்டி வலி, நடக்க மாட்டாரு."