ரிவர்ஸ் லைட் எரியாத வான்

— இன்னொருக்கா ரிவர்ஸ்ல போடுங்க, பிறிஜெற் அக்கா. எஞ்சின் வாணாம், சாவிய மட்டும் திருப்புங்க.

— போட்டிருக்கு, பாயிஸ். ஸ்கிரீன் கறுப்பாத்தான் கிடக்கு. பஞ்சிகாவத்தைச் சாமான் கடையில ஏமாத்திப்போட்டாங்களோ? கமெரா பழுதோ?

— கமெரா நல்லம். ரிவர்ஸ் லைட்தான் எரியுதில்ல. வான் வாங்கின நாள்லயாவது எரிஞ்சிச்சா?

— நான் முன்னுக்கு இருந்து ஓட்டுறனான், பின்னுக்கு எரியுதோ இல்லையோ எண்டு ஆர் கண்டது? வத்தளைப் புரோக்கர் எல்லாம் சரியெண்டுதான் தந்தவன். கமெராவுக்கும் லைட்டுக்கும் என்ன சம்பந்தம்?

— கமெராக்குக் கரண்ட் அந்த லைட் வயர்லதான் எடுக்கிற. ரிவர்ஸ் போட்டா லைட் எரியும், அதோட கமெராவும் முழிக்கும். பல்ப் நல்லம், ஃபியூஸ் நல்லம். வயர்தான் எங்கயோ அறுந்தீக்கி. உள் தகட்டக் கழட்டிப் பாக்கணும். ஒரு சின்ன வேல.

— ஒண்டரைக்குப் பள்ளிக்கூடம் விடும். பதினொரு பிள்ளையள் கேற்றடியில நிப்பினம்.

— ஒரு மணிக்கு முந்தி சாவி ஒங்கட கையில. நான் முதல்ல கமெரா வயர முடிச்சிட்டுத் தகட்டுக்கு வாரன்.

— அதென்ன, வயருக்கு நூல் சுத்துறீர்? சட்டையோ தைக்கப் போறீர்?

— எங்கட உம்மாட தையல் நூல். சிவப்புதான் எடுக்கிற. மூணு சுத்து, ஒரு முடிச்சு, அதுக்கு மேலதான் டேப். கொழும்பு வெயிலுக்கு டேப் இளகும், நூல் இளகாது. கொட்டாஞ்சேனையில மட்டுமில்ல, இந்த ஊர்லயே இப்படிக் கட்டுறது நான் ஒருத்தன்தான்.

— பெருமைக்குக் குறைச்சலில்ல.

— தொழில்ல பெருமை ஈக்கணும் அக்கா. அது கெடக்கட்டும், நீங்க நல்லாத்தானே ஓட்டுறீங்க, இப்ப என்னத்துக்குக் கமெரா? செக் பொயின்ட்ல புது வயரக் கண்டா நூறு கேள்வி கேப்பாங்க.

— போன கிழமை இதில பள்ளிக்கு வாற லுத்பியாட கடைசிப் பிள்ளை வானுக்குப் பின்னால குனிஞ்சு சப்பாத்துக் கட்டிக்கொண்டு நிண்டிருக்கிறாள். நான் பாக்காமல் ரிவர்ஸ் எடுத்திட்டன். ஆரோ கத்தினதால நிப்பாட்டினன். ஒரு சாண்தான் இருந்தது, பாயிஸ்.

— அது ஆருக்கும் நடக்கும்.

— எனக்கு நடக்கக் கூடாது. என்ட கண்ணை நான் நம்புறேல்ல. ஏனெண்டு உமக்குத் தெரியும்.

— ரெண்டு வருசமாச்சி அக்கா. விடுங்க.

— நீர் தகட்டைக் கழட்டும்.

— கழட்டுறன்... அக்கா, வான்ட பதிவுப் புத்தகத்தில என்ன நிறம் போட்டீக்கி?

— நீலம். ஏன்?

— சும்மா கேட்டன்.

— தள்ளும், நான் பாக்கிறன். இது... உள்ளுக்கு வெள்ளையெல்லோ.

— கொழும்பில பாதி வான் வெள்ளைதான் அக்கா. பாண் விக்கிற வானும் வெள்ளைதான்.

— ஓம். அந்தப் பாதியில ஒண்டுதான் எங்கட ஒழுங்கைக்குள்ளயும் வந்தது.

— இதுல குந்துங்க. தண்ணி குடிங்க.

— தண்ணி வேண்டாம். உமக்குத் தெரிஞ்ச கதைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க ஏலாமல் கிடக்கு. என்ட மனுசனுக்கு அடையாள அட்டையில கிளிநொச்சி எண்டு இருந்தது, வேறை ஒரு குற்றமும் இல்ல. வெள்ளை வானில கடத்துற ஆக்களின்ட பட்டியலில பேர் இருக்கெண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். அண்டையில இருந்து ஒருத்தர் படுத்தால் மற்றவர் முழிச்சிருப்பம். பின் மதிலில ஏணி சாத்தி வைச்சிருந்தம். ஏறினால் மட்டக்குளிப் பக்கம் ஓடிடலாம்.

— சூசை அண்ணன் எனக்கும் அந்த ஏணியக் காட்டினவர்.

— எங்கட ஒழுங்கையில வாகனம் திருப்ப இடமில்ல. காஸ் சிலிண்டர் கொண்டு வாறவனும் பின்னுக்குத்தான் வருவான். பின்னுக்கு வந்தால் வெள்ளை வெளிச்சம் எங்கட ஜன்னலில விழும், பீப் பீப் எண்டு கேக்கும். எஞ்சின் சத்தத்தை நம்பேலாது, துறைமுக லொறியள் விடிய விடிய ஓடுற இடம். அதால இவர் சொன்னவர், "பிறிஜெற், நீ அந்த லைட்டை மட்டும் பார், அந்தச் சத்தத்தை மட்டும் கேள், மிச்சத்தை நான் பாக்கிறன்" எண்டு.

— அக்கா...

— சனிக்கிழமை விடியப்பறம் என்ட முறை. கதிரையை ஜன்னலடியில போட்டுட்டு இருந்தன். வெளிச்சமும் விழேல்ல, சத்தமும் கேக்கேல்ல. கதவு உடையிற சத்தம்தான் கேட்டது. ஒழுங்கைக்குள்ள ஒரு முழு வான் பின்னுக்கு வந்து நிக்குது. நித்திரை கொள்ளாத பொம்பிளை அதைக் காணாமல் இருப்பாளோ? சரி, விடும். வயர் அம்பிட்டுதோ?

— அம்பிட்டிச்சி. எலி வெட்டீக்கி. இப்ப பொருத்திருவன், நீங்க போய் முன்னுக்குக் குந்துங்க.

— எலி வெட்டிப்போட்டு டேப்பும் சுத்துமோ?

— பழைய டேப் அக்கா.

— ஏன் கையால மறைக்கிறீர்?

— மறைக்கல்ல அக்கா, கட்டுறன்.

— அதை இஞ்சை விடும். கத்தரிச்ச மாதிரி வெட்டியெல்லோ கிடக்கு. ரெண்டு நுனியையும் மடிச்சு, பத்திரமாச் சுத்தி... பாயிஸ், டேப்புக்குக் கீழ என்ன இது?

— அக்கா, அதப் பிரிக்காதீங்க.

— நூல். சிவப்பு நூல். மூண்டு சுத்து, ஒரு முடிச்சு.

— அத இங்க தாங்க அக்கா.

— இந்த ஊரில நீர் ஒருத்தர்தான் எண்டு இப்ப சொன்னீர்.

— எனக்கு இந்த வான அடையாளம் தெரியல்ல. அல்லா மேல ஆணை. அண்டைக்கு இது வெள்ளையா ஈந்திச்சி.

— எண்டைக்கு?

— அந்தச் சனிக்கு முந்தின வியாழக்கிழமை. அஸர் தொழுகைக்குப் பொறகு ரெண்டு பேர் வந்தாங்க. "மல்லி, பொடி வெடக்" எண்டான் ஒருத்தன் சிங்களத்தில. ஒரு சின்ன வேலையாம். ரிவர்ஸ் போட்டாச் சத்தமும் வரக் கூடாது, லைட்டும் வரக் கூடாது. பக்கத்து வீட்டுல கைப்புள்ள தூங்குதாம், சத்தம் தொல்லையாம். ரெண்டுக்கும் ஒரே வயர்தான், வெட்டிக் கட்டிக் குடுத்தன்.

— சத்தத்துக்குப் பிள்ளை எழும்பும். வெளிச்சத்துக்கு எந்தப் பிள்ளை எழும்பும்?

— அத அவங்க போன பொறகுதான் யோசிச்சன்.

— யோசிச்சும் வெள்ளிக்கிழமை முழுக்கச் சும்மா இருந்தீர். உம்மட கடைக்கும் எங்கட வீட்டுக்கும் பத்து எட்டுத் தூரம்தான்.

— ஆருக்கெண்டு எனக்குத் தெரியாதே. இடுப்புல துவக்கு ஈந்திச்சி அக்கா. கேள்வி கேக்கிற காலமா அது? சனிக்கிழமை காலையில சூசை அண்ணன வான்ல எடுத்திட்டுப் போய்ட்டாங்க எண்டு கேள்விப்பட்டதும் எனக்கு வெளங்கிட்டு. கடைய மூடிட்டு உள்ளுக்கே கெடந்தன்.

— மூண்டாம் நாள் உம்மாவோட சாப்பாடு கொண்டு வந்தீர்.

— ஓம்.

— நான் லைட்டைக் காணேல்ல, காணேல்ல எண்டு கத்திக்கொண்டிருந்தன். ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. நீர்தான் பக்கத்தில வந்து இருந்து சொன்னீர், "ஒங்களுக்குக் கண்ணசந்திருக்கும் அக்கா, மனுசர்தானே" எண்டு.

— பயத்தில சொன்னன்.

— நான் அதை ஆறுதல் எண்டெல்லோ எடுத்தனான். எனக்கும் அதுதான் உண்மையெண்டு பட்டிட்டுது. இவற்ற தாயின்ட காலில விழுந்து சொன்னன், நித்திரை கொண்டு உங்கட பிள்ளையைக் குடுத்திட்டன் எண்டு. அவ அண்டையில இருந்து என்னோட கதைக்கிறேல்ல. மகளிட்டச் சொன்னன். மாசாமாசம் பாவசங்கீர்த்தனத்தில சுவாமியிட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறன்.

— ஏசுங்க அக்கா. அடிக்கிறண்டாலும் அடிங்க. இப்படிப் பாத்துட்டு ஈக்காதீங்க.

— பொறும். கதைக்காதையும்.

— அக்கா...

— அப்ப நான் அண்டைக்கு நித்திரை கொள்ளேல்ல.