பதினாலாவது குழி

“ஹலோ... ஆமா, நான்தான். உக்காந்துக்க... பஸ்ல நிக்கிறியா? சரி, கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்க. மனுஷன் புல்லு வெட்டக் கத்துக்கிட்ட நாள்லேருந்து இப்படி ஒரு கோல்ஃப் மைதானம் உலகத்துல வந்ததில்ல... கம்ப்யூட்டர்லதான். ஆமா, ஆமா, அந்த விளையாட்டுலதான். அதனால என்ன, கம்ப்யூட்டர் உலகத்துல இல்லையா?”

மறுமுனையில் இருந்தவனுக்கு இருபது வயதிலேயே காதோரம் நரைத்துவிட்டதால் வகுப்பே அவனைச் சித்தப்பா என்றுதான் அழைக்கும். இவன் ஒரு கையில் போனும் மறுகையில் மௌஸுமாக, நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

“புதர்வெளி மைதானம், சித்தப்பா. மரமே கிடையாது. மணல் மண்ணு, முழங்காலளவு ஊதாப்பூ புதரு, காத்து. அவ்வளவுதான். பந்து புதர்ல விழுந்தா விழுந்ததுதான். இயற்கை யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்காது... நேர்ல எங்க போய்ப் பாக்கிறது, படத்துல பாத்தேன்... உன்னுதா? போட்டிக்குக் காலையிலயே அனுப்பிட்டியா? சந்தோஷம்... நான் ஒண்ணும் சொல்லல... சொல்லட்டுமா? கோவிச்சுக்க மாட்டியே? அது மைதானமில்ல சித்தப்பா, கை கழுவுற தொட்டி. கொடியச் சுத்திப் பள்ளம் தோண்டி வச்சிருக்க. எந்தப் பக்கம் அடிச்சாலும் பந்து சரிஞ்சு நடுவுல வந்து விழுது. கொடிக்குப் பதிலா குழாய் வச்சிருக்கலாம்... சிரிக்கிறியா? சிரி. சுயமரியாதை உள்ளவன் எவனாவது தோண்டுவானா?”

“என்னது... என்னுத இன்னும் அனுப்பல. அஞ்சு மணிக்குத்தான மூடுறாங்க... தெரியும், தெரியும். பரிசு எனக்குத்தான்னு வகுப்பு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சது நான்தான். அத இப்ப ஞாபகப்படுத்தணுமா?... அந்த விதிதான் சித்தப்பா. வடிவமைச்சவனே பதினெட்டுக் குழியும் ஒரு தடவ ஆடி முடிச்சாத்தான் அனுப்புற பொத்தான் எரியும்... ஆடிக்கிட்டுத்தான் இருக்கேன்... பதினாலாவதுல... ம்... நேத்தும் பதினாலாவதுலதான்.”

மௌஸ் க்ளிக்கென்றது.

“இரு... இரு... போகுது... மேட்டுல ஏறிடுச்சு... கொடிகிட்ட... ம். இல்ல. புதர்... காத்து தள்ளிடுச்சு... யார் வச்ச காத்தா? நான்தான் வச்சேன். முழு அளவுல வச்சேன். மேட்டு உச்சியில கொடி வச்சதும் நான்தான். வேற யாரும் உள்ள வரல, போதுமா?... நான் எங்க கத்துறேன்... அம்மா, ஒண்ணுமில்லம்மா, பந்து புதருக்குள்ள போயிடுச்சு... வீட்டுல எந்தப் பந்தும் உடைக்கலம்மா, நீ போ.”

“ஹலோ, சொல்லு... தோண்டணுமா? நானா? அனுப்ப முடியலன்னா முடியல. திங்கக்கிழமை இதே முகத்தோட வகுப்புக்கு வருவேன்... எவன் சிரிப்பான்?... எல்லாருமா... நீயுமா?”

எழுந்து ஜன்னல்வரை போனான். திரும்பி வந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். போனிலும் மணி பார்த்தான், அது கொஞ்சம் தாராளமாகச் சொல்லுமோ என்று. சொல்லவில்லை.

“சித்தப்பா... சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். நடுவுல ஒரு குழிய மாத்தினா திரும்ப மொதல்லேருந்து ஆடணுமா?... அந்தக் குழியிலேருந்து ஆடினாப் போதுமா... ஓ... இல்லையில்ல, நான் எதுக்கு மாத்தப் போறேன். பொது அறிவுக்குக் கேட்டேன்... ஆமா... ஆமா... ஹலோ? நீ பேசுறது விட்டு விட்டுக் கேக்குது. ஹலோ... வச்சிடுறேன்.”

சித்தப்பாவின் குரல் தெளிவாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இவன் வைத்துவிட்டான்.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். திரையின் ஓரத்திலிருந்த மண்வெட்டிப் படத்தை அழுத்தி, கொடியைச் சுற்றி மெல்ல இழுத்தான். மேடு இறங்கிப் பள்ளமாயிற்று. அடித்த பந்து சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குழிக்குள் போயிற்று. பதினைந்தாவதில் பந்தைத் தொடுவதற்கு முன்பே மண்வெட்டியை எடுத்துக்கொண்டான்.