வைதேகி சொல்லாத பதில்

பேசப்படாது மேடம். வாயில நூலக் கவ்வியாச்சுல்லா, இனி தச்சு முடியுத வரைக்கும் ஒரு வார்த்த பேசப்படாது. போட்டிருக்க துணிய ஒடம்போட வச்சுத் தச்சா அப்பிடித்தான், எங்க வீட்டு வழக்கம். ஏன்னு கேக்காதீக, எனக்கும் தெரியாது. எங்க மாமியா சொன்னா, நான் செய்யுதேன். கழத்திக் குடுங்கன்னா மாட்டேன்னுட்டீக. ஒங்களச் சொல்லியும் குத்தமில்ல. கடையில இருக்கது ஒரே ஒரு ஸ்கிரீன், அதையும் இன்னைக்குன்னு பாத்து தொவைக்கப் போட்டுட்டேன். கைய லேசா விரிச்சு வையிங்க. ஆங், அம்புட்டுதான். ஊசி குத்துனா கண்ணச் சிமிட்டுங்க, நிறுத்திக்கிடுதேன்.

இது எவன் தச்ச ஜாக்கெட்டு? கைக்கு அடியில கம்புக்கூட்டுல இம்புட்டு இறுக்கிப் பிடிச்சா, ரிப்பன் வெட்டக் கையத் தூக்குனா டர்ருன்னு போகத்தான செய்யும்? மெட்ராஸ்லயா? அதான பாத்தேன். உள்ள கால் இஞ்சு கூட துணி விடல, பாவி. நல்ல வேள, தொறக்கப்போற ஜவுளிக்கடைக்கு எதுத்தாப்புலயே நம்ம பொன்மணி லேடீஸ் டெய்லர் இருந்துச்சு. பொன்மணி நாந்தான். இல்லன்னா சங்கரன்கோவில் தேரடியில ஒங்க மானம் என்னத்துக்கு ஆகும்? அம்புட்டுப் பேரும் செல்போனத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கான்.

ஏ அண்ணாச்சி, எட்டி எட்டிப் பாக்காதீக! பத்து நிமிசம் ஆகும். ரிப்பன் எங்கயும் ஓடிப் போயிராது.

என்ன, ஒங்கள எனக்குத் தெரியுமான்னு பாக்கீகளா? நல்லாருக்கு போங்க. மாவிலைத் தோரணம் சீரியல் விசாலாட்சியத் தெரியாத பொம்பள இந்த ஊர்ல உண்டுமா? ஒம்பது வருசம், ராத்திரி எட்டரைக்கு டாண்ணு எங்க வீட்டுக்கு வந்தீக. எங்க சொந்தத்துல ஒருத்தரு அப்பிடி வந்ததில்ல. ஆனா ஒண்ணு மேடம், தப்பா நெனைக்காதீக. மூணு தடவ மருமகளுக்குப் பாயசத்துல வெசம் வச்சீக. மூணு தடவயும் வேற எவனோ குடிச்சுட்டு விழுந்தான். எனக்கே எரிச்சலாயிட்டு. ஒரு வேலைய ஒழுங்காச் செய்யத் தெரியலையே இந்தப் பொம்பளைக்குன்னு.

சிரிக்காதீக, நூலு இழுக்குது.

அந்த மருமக வைதேகி நாலு மாசம் கோமாவுல கெடந்தா, ஒதட்டுச் சாயம் கலையல. நீங்க என்னடான்னா பட்டுச்சேலையும் ஒட்டியாணமுமாத் தூங்குதீக. இடுப்புல குத்தாதான்னு நான் எத்தன நாள் கவலப்பட்டிருக்கேன் தெரியுமா? எங்க வீட்டுக்காரர் தறிச் சத்தத்துல காது பாதி போனவரு. அவரே சொல்லுவாரு, இதுக்குத் தறிச் சத்தமே தேவல பொன்மணின்னு. நீங்க ஒரு முழி முழிச்சா மூணு தடவ இடி இடிக்கும்லா.

அப்புறம் ஏன் பாத்தேன்னு கேக்கீகளா? பாக்காம எப்பிடி? எங்க வீட்டுல பேச்சுவார்த்தையே அதுலதான ஓடுச்சு.

நானும் எங்க மாமியா மாரித்தாயும் பதினோரு வருசம் பேசிக்கிடல. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கொடியில துணி. பேச்சு மட்டும் கெடையாது. எதுக்குன்னா, எங்கம்மா வாசுதேவநல்லூர்ல ஒத்தையில இருந்தா. மேலுக்குச் சொகமில்ல. ஒரு பத்து நாளு எங்கூட வச்சுப் பாக்கலாம்னு கூட்டியாந்தேன். எங்க மாமியா வாசல்ல நின்னுக்கிட்டு, ஒரு வீட்டுல ரெண்டு கெழவி எதுக்குன்னு கேட்டுட்டா. எங்கம்மா செருப்பக் கூடக் கழத்தல மேடம். வந்த பையோட அன்னைக்குச் சாயங்கால பஸ்ஸுலயே திரும்பிட்டா. சரியா மூணு வாரம், செத்துப் போயிட்டா. அன்னைக்கு வாய மூடுனவதான் நான். கெழவியும் சளச்சவ இல்ல. நீ பேசாட்டா எனக்கென்ன, நானும் பேச மாட்டேன்னு மூடிட்டா.

ஆனா மூடுன வாய்க்குச் சாடை பேசலாம்லா? அத யாரும் பேச்சுன்னு சொல்ல முடியாது. மொத ரெண்டு வருசம் கோழியப் பாத்துப் பேசுனோம், குக்கரப் பாத்துப் பேசுனோம். கோழிக்கே அலுத்துப்போச்சு. அப்பந்தான் ஒங்க சீரியல் வந்துச்சு. மாமியா மருமக, அளவெடுத்துத் தச்ச மாதிரி. நீங்க வெசம் வச்ச அன்னைக்கு நான் டிவியப் பாத்து, சில பேருக்கு வயசாக வயசாகத்தான் கொழுப்பு ஏறுது விசாலாட்சின்னேன். மறுநா வைதேகி ஒங்கள எதுத்துப் பேசுனா. கெழவி ஒடனே டிவியப் பாத்து, இவளையெல்லாம் என்னத்தச் சொல்லி வளத்தாளோ அவ ஆத்தான்னா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா என்னயச் சொல்லலையே, வைதேகியத்தான சொன்னா?

சண்ட மட்டுமில்ல மேடம், வீட்டு நடப்பே அதுலதான். ஏ வைதேகி, கேஸு தீரப்போகுது, புருசங்கிட்டச் சொல்லிப் புக் பண்ணக் கூடாதாம்பா. அங்க டிவியில வைதேகி கல்யாண மண்டபத்துல தாலியப் பிடிச்சிட்டு நிப்பா, அவ எங்க கேஸுக்குப் போவா? நான் மறுநா புக் பண்ணிருவேன். ஏ விசாலாட்சி, சுகர் மாத்திரய ரெண்டு நாளா முழுங்கலையே, எங்கயாவது விழுந்து தொலையவான்னு நான் ஒங்களக் கேப்பேன். கெழவி எந்திரிச்சுப் போயி முழுங்கிட்டு வந்து ஒக்காருவா. எம் மக அபிதா ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வந்தா, இது வீடா கீழ்ப்பாக்கமான்னு கேப்பா.

இன்னொண்ணும் உண்டும். தெனமும் காலைல ஆறு மணிக்கு எனக்குக் காப்பி போடுவா. கைல தர மாட்டா. தையல் மெஷின் மேல சொத்துனு வச்சுட்டுப் போயிருவா. சீனியும் வேணும்னே கொறச்சுத்தான் போடுவா. நானும் ஒண்ணும் சொல்லாமக் குடிச்சிருவேன்.

இந்தக் கைய இறக்கிக்கிடுங்க. வலிக்கா? இன்னும் கொஞ்சந்தான்.

அப்பிடியே ஓடிக்கிட்டிருந்துச்சா. ரெண்டாயிரத்து இருபது மார்ச்சுல சீரியலு முடியப்போகுது, இறுதிக் கட்டம், இறுதிக் கட்டம்னு டிவிக்காரன் நாளைக்கு நாப்பது தடவ போடுதான். அதுல ஒரு நாள் நீங்க வைதேகி முன்னால வந்து நிக்கீக. ஒட்டியாணம் இல்ல, பொட்டு கூடச் சின்னது. எனக்கே அடையாளம் தெரியல. கண்ணு கலங்கி, நீ என்னய என்னைக்காவது அம்மாவா நெனச்சிருக்கியான்னு கேட்டீக. வைதேகி மூஞ்சிய ஒரு தடவ, ஒங்க மூஞ்சிய ஒரு தடவன்னு மாத்தி மாத்திக் காட்டிட்டுத் தொடரும்னு போட்டான்.

ஞாவகம் இருக்கா? இருக்கும்லா. நல்லா நடிச்சீக. அன்னைக்கு நான் ஒங்கள ஏசவே இல்ல.

அப்பம் எங்க மாமியா திரும்புனா மேடம். டிவியப் பாக்கல, என்னயப் பாத்தா. பதினோரு வருசத்துல மொத தடவ மூஞ்சிக்கு நேரா. நீங்க கேட்டதத்தான் அவளும் கண்ணால கேக்கான்னு எனக்குத் தெரியாதா? நானும் வாயத் தொறந்தேன். தொறந்துட்டு மூடிக்கிட்டேன். எதுக்கு அவசரம், நாளைக்கு வைதேகி என்ன சொல்லுதான்னு பாத்துக்கிட்டு நாமளும் சொல்லுவோம்னு நெனச்சேன். அவ நெனச்சிருக்கேன் அத்தைன்னா, நான் டிவியப் பாத்து ஆமா விசாலாட்சி, அவ சொல்லுதது நெசந்தாம்பேன். அவ இல்லன்னுட்டா, சரியாச் சொன்ன வைதேகின்னுருவேன். எதுவா இருந்தாலும் எந்தலையில விழாதுல்லா. அம்புட்டுப் பெரிய மூளக்காரி நான்.

மறுநா எட்டரை சீரியலுக்கு ரெண்டு பேரும் எட்டு மணிக்கே போய் ஒக்காந்தோம். என்ன போட்டான்? மொத எபிசோடு. வைதேகி பொண்ணு பாக்க வந்தவுகளுக்குக் கேசரி கொண்டு போறா. கொரோனாவாம், சூட்டிங் கெடையாதாம், பழையதத்தான் போடுவானாம். பழைய சண்டைக்குப் புதுசா என்னத்தச் சாடை பேச? வீடே ஊமையாயிட்டு. கடையும் அடச்சாச்சு, தறியும் நின்னாச்சு, வெளிய போகவும் வழியில்ல. நாலு சொவத்துக்குள்ள ரெண்டு பேரும் ஒருத்தரு காலடிச் சத்தத்த ஒருத்தரு கேட்டுக்கிட்டுக் கெடந்தோம்.

கெழவி என்ன செஞ்சா தெரியுமா? தெனமும் கேபிள்காரர் மைதீன் பாட்சாவுக்குப் போன் போடுவா. ஏ பாட்சா, வைதேகி எப்பம் வாரான்னு கேப்பா. எனக்குக் கேக்கணும்னே சத்தமா. கொரோனா போகட்டும் பாட்டிம்பாரு அவரு. ஒன் கொரோனா நாசமாப் போகம்பா, போன வச்சிருவா. நாப்பது அம்பது நாள் அதே கேள்வி, அதே ஏச்சு. நான் வெண்டக்கா நறுக்கிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பேன். அப்பமாவது வாயத் தொறந்தேனா? நானா மொதல்ல பேசுததுன்னு ஒரு வீம்பு.

மே மாசம் ஒரு நாள் எட்டரைக்குக் கரண்டு போயிட்டு. கெழவி அணைஞ்ச டிவி முன்னால ஒக்காந்திருக்கா. விசிறிக்கிட்டே, இன்னைக்கும் அவ ஒண்ணும் சொல்லலன்னு சொன்னா. சாடையாச் சொல்லக் கூட அங்க ஆள் இல்ல. அப்பவும் நான் எந்திரிச்சு மெழுகுவத்தி தேடப் போயிட்டேன்.

மறுநா காலைல காப்பியச் சொத்துனு வச்சா. போய்ப் படுத்தா. நான் குடிச்சு முடிச்சு, டம்ளரக் கழுவிக் கவுத்திட்டு, என்ன இந்நேரம் வரைக்கும் படுத்திருக்கான்னு போய்ப் பாத்தா போயிட்டா. கொரோனாவெல்லாம் இல்ல, நெஞ்சுவலிதான். இருபது பேருக்கு மேல கூடப்படாதுன்னுட்டாக. எண்ணி இருபது பேரு, முகமூடியோட. அழுதவ யாரு அழாதவ யாருன்னே தெரியல. நான் அழுதேன் மேடம். தனியா ஒரு ஓரத்துல நின்னு நல்லா அழுதேன்.

அப்புறம் ஆடி மாசம் புது எபிசோடு போட்டான். ஓடிப்போய் ஒக்காந்தா நீங்க இல்ல. இவருக்குப் பதில் இவர்னு யாரோ ஒரு நெட்டச்சி. அறுபது தாண்டுனவுகள சூட்டிங்குக்கு விடலையாம்லா? ஆமா, ஒங்களுக்கும் அது கஷ்டமாத்தான் இருந்திருக்கும். ஆள் மாறுனாலும் சரி, கேள்விக்குப் பதிலையாவது சொல்லுவாளுகன்னு பாத்தா, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகுன்னு போட்டுட்டான். வைதேகிக்குப் புள்ள பள்ளிக்கூடம் போகுது. பத்து நாள்ல எல்லாரும் வரிசையா நின்னு போட்டோ எடுத்தாக, சுபம். மனுசன் மண்டைய ஒடைக்கலாம் போல இருந்துச்சு.

அன்னையில இருந்து எனக்கு ஒரு நெனப்பு. அந்த அடுத்த சீன எடுத்து வச்சிருப்பான், மெட்ராஸ்ல எங்கனயாவது பெட்டியில கெடக்கும், காட்டாம விட்டுட்டானுகன்னு. இன்னைக்கு நீங்க கிழிஞ்ச கையப் பிடிச்சுக்கிட்டு எங் கடைக்குள்ள ஏறுதீக, எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? தலைய மட்டும் ஆட்டுங்க போதும். வைதேகி என்ன சொன்னா? எடுத்தாகளா?

இல்லையா. வசனமாவது எழுதிக் குடுத்தாகளா?

அதுவும் இல்லையா.

அட. அப்பம் எங்கனயும் இல்லையா அந்தப் பதிலு. இல்லாத ஒண்ணுக்கா நாங்க ரெண்டு பேரும் எட்டு மணிக்கே போய் ஒக்காந்தோம்?

சரி. முடிச்சுப் போட்டுட்டேன், அறுக்கப் போறேன், ஆடாதீக. அப்பம் நாந்தான் சொல்லணும் போல. மேடம், ஒரே ஒரு ஒவகாரம். அன்னைக்குப் பாத்த மாதிரி ஒரு தடவ பாருங்க. அந்தக் கேள்வி கேட்டுட்டுப் பாத்தீகள்லா, அது.

ஆங். அதேதான்.

நெனச்சிருக்கேன் யத்தே. எப்பவும்னு பொய் சொல்ல மாட்டேன். எங்கம்மாவ வாசலோட அனுப்புனத நான் சாகுத வரைக்கும் மறக்க மாட்டேன், அது அப்பிடியேதான் இருக்கு. ஆனா காலைல அந்தக் காப்பி டம்ளரு சொத்துனு விழும்லா, அத எடுத்து வாயில வைக்குத நேரமெல்லாம் நெனச்சிருக்கேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். வைதேகி சொல்லட்டும்னு இருந்துட்டேன்.

அம்புட்டுதான் மேடம். நூல எடுத்துருங்க. அய்ய, என்னத்துக்கு இப்பம் கண்ணு கலங்குதீக, மை கலஞ்சிரும். ஒங்களுக்கெல்லாம் கிளிசரின் போட்டாத்தான் வரும்னுல்லா நெனச்சேன்.

இல்ல, நீங்க பதிலுக்கு ஒண்ணும் சொல்லாண்டாம். எங்க மாமியாளும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டா. கேக்காத மாதிரி எந்திரிச்சுப் போயிருப்பா. மறுநா காலைல காப்பியில ஒரு ஸ்பூன் சீனி கூடக் கெடந்திருக்கும்.