மேல்பாதியில் தலை

— சும்மா மழுப்பாதக்கா. எறும்புக் கல்லோட மேல்பாதி எங்க? டிராயர்ல இல்ல.

— எனக்கென்னடி தெரியும்? ஆராய்ச்சி பண்றது நீ. நான் வெறும் கல்லு பொளக்கிறவ.

— ஆரம்பிச்சிட்டியா!

— இல்ல, கேக்குறேன். பதினோரு வருஷமா இந்த ரூம்ல உளியும் ஊசியும் வெச்சுக்கிட்டு, காஞ்சுபோன ஏரிச் சேத்துக் கல்ல ஏடு ஏடா பிரிச்சது யாரு? உள்ள எறும்பு படுத்திருக்குன்னு கத்தினது யாரு?

— நீதான்.

— பேப்பர்ல பல்லக் காட்டிக்கிட்டு நின்னது யாரு? அம்மா அத வெட்டி ஃப்ரிட்ஜ்ல வேற ஒட்டியாச்சு. தண்ணி எடுக்கப் போனாலும் உன் மூஞ்சி, பால் எடுக்கப் போனாலும் உன் மூஞ்சி.

— கேமராவப் பாத்தாலே நீ ஓடிடுவியேக்கா.

— ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாம்ல? ஒரே ஒரு தடவ.

— சரி, தப்புதான். கால்ல வேணா விழறேன். இப்ப கல்லக் குடு. கல்லப் பிரிச்சப்போ எறும்போட உடம்பு கீழ்ப்பாதில நின்னுடுச்சு, தலை மேல்பாதியோட போயிடுச்சு. உனக்கே தெரியும். இந்த ஜாதி அழிஞ்சு கோடி வருஷம் ஆச்சு, இன்னொண்ணு தேடிப் பிடிக்க முடியாது. அந்த வளஞ்ச தாடையக் காட்டலன்னா புது எறும்புன்னு ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள படம் அனுப்பணும்.

— அனுப்பி, அந்த எறும்புக்கும் உன் பேர வெச்சுக்கோ. அது ஒண்ணுதான் பாக்கி.

— ஐயோ, புது ஜாதியப் பத்தி எழுதுறவங்க அதுக்குத் தன் பேரத் தானே வெச்சுக்க மாட்டாங்கக்கா. எங்க ஆளுங்க காறித் துப்பிடுவாங்க.

— அப்ப யாரு பேரு? உன் பெரிய சார் பேரா?

— அச்சுல வந்தப்புறம் காட்டலாம்னு இருந்தேன். கெடுத்துட்ட போ. உன் பேருதான்.

— என் பேரா?

— பின்ன? கத்தினது நீதானே.

— எப்படி எழுதின... எப்ப எழுதின?

— போன திங்கக்கிழமையே. ஏன்க்கா மேஜைக்கடியில கைய விடுற? அது என்ன டப்பா? குடு... இதானே மேல்பாதி! தலை எங்க? என்ன இது, ஒரே தூளா இருக்கு?

— அம்மா உன் போட்டோவ ஒட்டினது மறுநாள், செவ்வாக்கிழமை. அன்னிக்குத்தான்டி ஊசிய எடுத்தேன்.