கதவைத் திறந்தவர் பல் மருத்துவர்

ஐம்பது வயதில் சில ஆண்களுக்கு ஞானம் வரும். என் கணவருக்குச் சைக்கிள் வந்தது. குறையாகச் சொல்லவில்லை. குடி, சீட்டாட்டம் என்று போகாமல் சைக்கிளோடு நின்றாரே என்று அக்கம்பக்கத்தில் என்னைப் பாராட்டவே செய்தார்கள்.

உட்காருங்கள் சார். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வருகிறவர் நின்றுகொண்டே விசாரித்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்தத் துணிக்குவியலை ஓரமாகத் தள்ளிவிடுங்கள். பிடித்துத் தைக்க வந்தவை, கசங்கினால் பாதகமில்லை. நீங்கள் கேட்டதற்கு ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொல்கிறேன்.

விடியும் முன்பே அவர் கிளம்பிவிடுவார். அவரைப் போலவே தொப்பையும் தலைக்கவசமுமாக நாலைந்து பேர் தெருமுனையில் காத்திருப்பார்கள். எல்லோருக்கும் உடம்போடு ஒட்டிய கால்சட்டை. அவருடையதை இடுப்பில் பிரித்து அகலப்படுத்திக் கொடுத்தவளே நான்தான். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் சைக்கிளைத் துடைக்க உட்காருவார். அவர் அதைத் துடைக்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணமான புதிதில்கூட என் முகத்தை அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

ஒருநாள் மருந்துக்கடை வாசலில் நிறுத்தியிருந்த காரின் கதவு திறந்தது. திறந்தவர் பல் மருத்துவர். ஊரார் வாயையெல்லாம் உற்றுப் பார்க்கிறவர், பின்னால் வருவது யாரென்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சைக்கிளில் வந்த என் வீட்டுக்காரர் கதவில் மோதி நடைபாதை விளிம்பில் போய் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவர் தங்கமான மனிதர். ஆஸ்பத்திரிக்கே வந்து, "பார்க்காம திறந்துட்டேம்மா, முழுக்க என் தப்புதான்" என்று கண்கலங்கினார். அதைக் கேட்டதும் எங்கள் வக்கீலுக்கும் கண் கலங்கியது. அது ஆனந்தக் கண்ணீர்.

"வலிக்கு ஒரு தொகை, போன சம்பளத்துக்கு ஒரு தொகை, கூட இருந்து பார்த்துக்கற ஆளுக்கும் தனியா கேட்கலாம்" என்றார் வக்கீல். "பார்த்துக்கறது யாரும்மா?"

"நான்தான்."

"எப்போலேருந்து?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து."

சிரித்துவிட்டார். "அதையெல்லாம் பல் டாக்டர் தலையில கட்ட முடியாதும்மா."

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? அவர் வீட்டில் இருந்தார். அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது புதிது. படுக்கையை என் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே போட்டேன். நான் தைப்பேன், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். "அந்தப் பச்சைத் துணி யாருது?" என்று கேட்பார். ஒரு மத்தியானம், "கொஞ்சம் பக்கத்துல உட்காரேன்" என்றார். எத்தனையோ வருஷத்துக் குடித்தனத்தில் நான் கேட்காத வார்த்தை அது. அந்த மருத்துவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

கெட்ட காலம், எலும்பு சேர ஆரம்பித்தது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வருவாள். நல்ல பெண், வேலையில் கொஞ்சம் அதிகமாகவே கெட்டிக்காரி. அவள் தயவில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனி வரை போய் நின்றார். உங்கள் ஆள் எதிர்க்கட்டடத்திலிருந்து எடுத்தாரே, இதோ இந்தப் படம், அன்றைக்கு எடுத்ததுதான். முகத்தில் என்ன சிரிப்பு பாருங்கள். சிரித்தபடியே உள்ளே வந்து, "சீக்கிரமே சைக்கிள் எடுக்கலாமாம். டயர்ல காத்து இருக்கான்னு பாரேன்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதையே மறந்துவிட்டார்.

அந்தப் பெண்ணை மறுநாளே நிறுத்திவிட்டேன். அவரிடம் அவளுக்குக் கல்யாணம் என்றேன். அவளிடம் நாங்கள் வேறு ஆள் பார்த்துவிட்டோம் என்றேன். அப்போதும் அவர் அடங்கவில்லை. தானாகவே எழுந்து நடக்கத் தொடங்கினார். பிடிவாதக்காரர்.

தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் இருக்கிறதே, அது தண்ணீர் மாதிரி. குளியலறைத் தரையில் அது கிடப்பதே தெரியாது. நான் நிறைய ஊற்றவில்லை. அவர் கால் வைக்கிற இடத்தில் மட்டும். விழுந்த சத்தம் கேட்டபோது ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் கோணிப்போகும் என்று முடித்துவிட்டுத்தான் போனேன். அதே இடுப்புதான். இந்தத் தடவை எலும்பு சேராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மகள் வெளியூரிலிருந்து போனில் அழுதாள். "நீ மட்டும் இல்லன்னா அப்பா கதி என்னம்மா?" எனக்கும் அழுகை வந்தது. அதே கேள்வியைத்தானே நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் என்னடாவென்றால், பால்கனியில் நின்றவர் இப்போது நடக்க முடியாது என்று நடிக்கிறார், நஷ்டஈட்டுக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் நாடகம் போடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்கு மனசு விட்டுப்போயிற்று. நாங்கள் மானத்தோடு பிழைக்கிறவர்கள் சார். அவர் நடிக்கவில்லை. அவரால் எழுந்திருக்கவே முடியாது. அதற்கு என்னைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. உங்களிடம் காரை இன்ஷூர் செய்திருக்கிற அந்தப் பல் மருத்துவர் அன்றைக்குக் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் அந்த எண்ணெய்ப் புட்டியைத் தொட்டிருக்கவே மாட்டேன். அப்புறம் யார் காரணம் என்று நீங்களே சொல்லுங்கள்.

சரியாக எழுதிக்கொண்டீர்களா? ஆம், நான்தான் செய்தேன். கையெழுத்து எங்கே வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

அவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமா? தாராளமாகக் கேளுங்கள். திரைக்குப் பின்னால்தான் படுத்திருக்கிறார். நீங்கள் வருவதாகச் சொன்னதால் தூக்க மாத்திரையை இன்று கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான். இவ்வளவு நேரம் பேசினேனே, நான் சொன்னதில் எதையாவது அவர் மறுத்தாரா? இப்போதெல்லாம் நாங்கள் அவ்வளவு ஒற்றுமை.