கன்னியாகுமரிக்கு நடந்த பொம்மை

— இந்தாங்க, காலடி எண்ணற உங்க மீட்டரு. இடுப்புல மாட்டிட்டுக் கெளம்புங்க. சூப்பர்வைசரம்மா பாத்துச்சுன்னா, வேலிகிட்ட நின்னு புருசன்கூடக் கொஞ்சறேன்னு அரைநாள் கூலியப் புடிச்சிரும்.

— இரு மேகல. இன்னைக்குக் கடைசி நாளு. நாலு வார்த்த பேசணும்.

— பேச என்ன இருக்கு... தொண்ணூறு நாளு முடிஞ்சுது. மூணு மணிக்கு மேடையில ஏறி அஞ்சாயிரத்த வாங்கிட்டு வாங்க. மால போட்டாங்கன்னா வீட்டுக்குக் கொண்டாராதீங்க. ரோசாவப் பாத்தாலே எனக்குக் கொமட்டுது.

— நான் மேடைக்குப் போவல.

— ஏன், சட்டையில பட்டன் இல்லியா?

— வெளையாடாத. சர்க்கர இருக்கறவங்க நடக்கணும்னு கம்பெனி கம்ப்யூட்டர்ல ஒரு ஆட்டம், அதுல பொன்னுசாமின்னு என் பேர் போட்டு ஒரு பொம்ம. ஓசூர்ல கெளம்புனது இன்னைக்குக் கன்னியாகுமரியில போயி நிக்குது. தெனம் கம்பெனி கேட்டுல இந்த மீட்டரச் சொருகுனா, நம்ம ஒரு கிலோமீட்டருக்கு அது ரெண்டு நடக்குது, கை தட்டுது. வாரம் நிக்காம நடந்தா நூறு ரூவா...

— அந்த நூறு ரூவாதான் செருப்புக் கடைக்குப் போவுதே. மூணு மாசத்துல ரெண்டு ஜோடி.

— குறுக்க பேசாத. அந்தப் பொம்மைய நடக்க வெச்சது யாரு? நானா? நான் செகண்ட் சிப்டு பூரா ஸ்டூல்ல உக்காந்து போல்ட்ட அளந்து பாக்கறவன். மீட்டரக் கட்டிட்டு இந்த ரோசாத் தோட்டத்துல நடந்தவ நீ.

— மெதுவா பேசுங்க. பாப்பம்மா கையிதான் அங்க பூ வெட்டுது, காது இங்க இருக்குது.

— நோகாம நொங்கு திங்கப் பாத்தேன். இப்பத்தான் தொண்டையில மாட்டுது.

— என்ன மாட்டுது?

— கம்பெனி ஆபீசரு ஹரீஷ்குமார் சார் நேத்து சொல்லிட்டாரு. மேடையிலயே எல்லாரு முன்னாடியும் வெரல்ல குத்தி சர்க்கர பாப்பாங்களாம். ஆட்டம் ஆரம்பிச்சப்ப எவ்ளோ, இப்ப எவ்ளோன்னு போர்டுல எழுதுவாங்களாம்.

— எழுதட்டும்.

— என்ன எழுதட்டும்? அப்ப முந்நூறு இருந்துச்சு. நடந்தது உன் காலு, குத்தறது என் வெரலு. எறங்குமா?

— எறங்கும்... எறங்கும்.

— ஜோசியமா? எங்க சிப்டு கோவிந்தன் கத தெரியுமில்ல? மொத வாரமே மீட்டரக் கொண்டுபோயி போல்ட்டு சலிக்கற மிசின் மேல வெச்சுட்டு டீ குடிக்கப் போனான். டீ ஆறறதுக்குள்ள பொம்ம மதுரையத் தாண்டிருச்சு. பத்து நாளு சஸ்பெண்டு.

— அது மிசினு. இது...

— இது பொண்டாட்டி. அவ்ளோதான் வித்தியாசம். அதனால நான் முடிவு பண்ணிட்டேன். மைக்கப் புடிச்சு உள்ளத சொல்லிடறேன். ஐயா நான் நடக்கல, எனக்குப் பதிலா என் சம்சாரம் நடந்தா, அஞ்சாயிரத்த அவகிட்டக் குடுங்கன்னு.

— புத்தி கித்தி கெட்டுப் போச்சா? வேலைக்கே ஒல வெச்சிருவாங்க.

— குத்திப் பாத்து மாட்டறத விட, நாமளா ஒத்துக்கறது மேலு.

— மாட்ட மாட்டீங்கன்னு சொல்றேன் இல்ல.

— அதான் எப்படி?

— சந்திரசூடேசுவரருக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்.

— சாமி சர்க்கரையக் கொறைக்குமா? சர்க்கரப் பொங்கலுதான் குடுக்கும்.

— களி திண்ணீங்களா? ஊட்ல மூடி வெச்சிருந்தேனே... கீரக் கொழம்பு?

— பேச்ச மாத்தாத. ஒரு மணி பஸ்ஸு வந்துரும். நான் வரேன்.

— போயி?

— மைக்கப் புடிக்கறேன்.

— வேணாங்க... நில்லுங்க. நான் ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.

— சொல்லு.

— வந்து... இந்தா வரேன் பாப்பம்மா, செருப்பு வாரு அறுந்துபோச்சு, ஊக்கு குத்திட்டு இருக்கேன்னு சூப்பர்வைசரம்மாகிட்டச் சொல்லு... அவ கெடக்கறா. ஏங்க, பேரிகையில நம்ம வீட்லருந்து இந்த வேலி எவ்ளோ தூரம்?

— ரெண்டு கிலோமீட்டரு.

— ஒம்போது மணிக்கு மீட்டரக் கொண்டாந்து குடுக்கறீங்க. ஊட்டுக்குப் போறீங்க. பன்னண்டரைக்குத் திரும்ப வந்து வாங்கிட்டுப் போறீங்க. ஆக எவ்ளோ நடக்கறீங்க?

— அது நடக்கறதா? உனக்கு மீட்டரு குடுக்க வரது அது.

— கால்லதான வரீங்க?

— வேற எப்படி வர? நீதான சொன்ன, காலையில தோட்டத்து வேன்ல நான் எடுத்துட்டுப் போனா குலுங்கிக் குலுங்கி கணக்கு ஏறிக்கும், கோவிந்தனாட்டம் மாட்டிக்குவீங்க, கையில கொண்டாந்து குடுங்கன்னு. மொபெட்டும் இல்ல. ரெண்டு நாள்ல தரேன்னு மத்தூருக்கு எடுத்துட்டுப் போன உன் தம்பி சக்தி, மூணு மாசமா போன எடுக்க மாட்டேங்கறான்.

— அவன போன எடுக்க வேணாம்னு சொன்னதே நான்தான்.

— எதுக்கு?

— வண்டி இருந்தா நீங்க நடப்பீங்களா?

— அப்ப... மீட்டரு?

— காலையில குடுப்பீங்க இல்ல... நீங்க அந்தப் புளியமரத்தத் தாண்டற வரைக்கும் இடுப்புல வெச்சிருப்பேன். அப்புறம் பூக்கட்டு கட்டற செட்டுல, ஆணியில மாட்டிருவேன். நீங்க வரப்ப எடுத்து மறுபடி சொருகிக்குவேன்.

— ஒருநாளாச்சும் கட்டிட்டு நடந்தியா?

— ஒரே ஒருநாளுகூட இல்ல. அது எண்ணுனதெல்லாம் நீங்க கொண்டாந்ததும் கொண்டுபோனதுந்தான். பொம்ம நடந்ததெல்லாம் உங்க காலு. தைரியமா வெரல நீட்டுங்க. பெல்ட்டு ரெண்டு ஓட்ட உள்ள போயிருக்குதே, அதக்கூடவா பாக்கல?

— ஆணி நடந்துச்சுன்னு சொல்ற.

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல. ஏன் மேகல மொதல்லயே சொல்லல?

— சொன்னா? டாக்டரு சொன்னாரு. கேட்டீங்களா? நான் சொன்னேன். நடந்தா கஞ்சி ஊத்துமான்னு கேட்டீங்க. உங்கப்பாவுக்குக் கால் கட்டவெரல எடுத்தப்ப தெனம் கட்டு மாத்துனது யாரு? நானு. அந்த வாட இன்னும் என் மூக்குல இருக்குதுங்க. உங்க காலையும் மடியில வெச்சு அப்படிக் கழுவறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. பயந்துட்டேன். அதான் ஏமாத்துனேன். திட்டறதுன்னா திட்டிட்டுப் போங்க. மேடையில மட்டும் எதையும் ஒளறாதீங்க. இப்பத் தெரிஞ்சு போச்சு. நாளைக்கு மீட்டரும் இல்ல, பொம்மையும் இல்ல. நீங்க மறுபடியும் பதினொரு மணி வரைக்கும் பாயிலயே கெடப்பீங்க. அதுக்குத்தான் வாயத் தொறக்காம இருந்தேன்.

— அழுவாத. பாப்பம்மா பாக்கறா.

— யாரு அழுவறா... காலையில மருந்தடிச்சாங்க. கண்ணு எரியுது.

— சரி, ஒண்ணு கேக்கறேன். வேன்ல குலுங்கற மீட்டரு கம்பெனி பஸ்ல குலுங்காதா?

— ஆங்?

— தெனம் இத இடுப்புல கட்டிட்டுத்தான் ஓசூருக்குப் போறேன். பஸ்ஸு குலுங்கறத இது எண்ணாதுன்னு, மீட்டரு குடுத்த அன்னைக்கே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க.

— அப்ப... நான் சொன்னது பொய்யின்னு...

— அன்னைக்கு லேசா ஒரு சந்தேகம். அப்புறம் பிப்ரவரியில, காதலர் தினத்துக்கு லாரி லாரியா பூ போச்சே, அந்த வாரம் ஒருநாளு அரமணி முன்னாடியே வந்துட்டேன். நீ பெஞ்சுல உக்காந்து பூக்கட்டு கட்டிட்டு இருந்த. மீட்டரு ஆணியில தொங்குச்சு.

— ஐயோ... பாத்துட்டீங்களா?

— புளியமரத்துக்குப் பின்னால போயி, பன்னண்டரை ஆவற வரைக்கும் நின்னுட்டு வந்தேன். நீ இடுப்புலருந்து கழட்டிக் குடுத்த. காலெல்லாம் வலிக்குதுன்னு வேற சொன்ன.

— ரெண்டு மாசமா தெரிஞ்சுக்கிட்டேவா இருந்தீங்க? அப்ப இவ்ளோ நேரம் மைக்கப் புடிக்கறேன், வெரலக் குத்தறாங்கன்னு என்ன மெரட்டுனது?

— நீயா எப்பத்தான் சொல்லுவன்னு பாத்தேன். கடைசி நாளு வரைக்கும் அழுத்தமா இருந்தியே.

— அழுத்தக்காரரு யாருன்னு ஊரக் கேட்டாத் தெரியும். ஏங்க, எல்லாந்தான் தெரிஞ்சுபோச்சே... அப்புறம் எதுக்கு இந்த வெயில்ல தெனம் ரெண்டு வாட்டி வந்தீங்க?

— நீ வேனுக்குப் போறப்ப நான் தூங்கறேன். நான் சிப்டு முடிஞ்சு வரப்ப நீ தூங்கற. இந்த வேலிகிட்டதான் மேகல ரெண்டு பேரும் முழிச்சிருக்கோம்... உன் தம்பிகிட்டச் சொல்லு, வண்டி அவன்கிட்டயே இருக்கட்டும்.